மூன்றாவது திருகாணி

எட்டு மாதமாக அர்த்தநாரியின் கால்
எல்லாக் காகிதத்திலும் நலமாக இருந்தது.
எக்ஸ்ரேயில் தகடு நேராக,
ஆறு திருகாணிகளும் தத்தம் இடத்தில்.
ரத்தம் ஒரு மாதம் சந்தேகம், மறு மாதம் சுத்தம்.
கால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
கிளட்சை மிதித்தால் முன்னெலும்பில்
யாரோ பீடியை அணைக்கிறார்கள் என்றார்.
சங்ககிரி லாரி ஆபீசில் அதற்குப் பெயர் சோம்பல்.
மச்சான் வைத்த பெயரை என்னிடம் சொல்லவில்லை.

கீழ்த்தளம். சேலத்து வெயில்
படிக்கட்டு வரை வந்து திரும்பிவிடும் அறை.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்குக்கு டேப்,
ஏசியின் பொட்டு விளக்குக்கும் ஒரு துண்டு பிளாஸ்திரி.
இருட்டைக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

படிவத்தை வாசித்துக் காட்டினேன்:
ஊசியில் போகும் மருந்துக்கு இரண்டு கை,
ஒன்று கிருமியின் சுவரைத் தேடிப் பிடிக்கும்,
மற்றதில் விளக்கு.
பிடி கிடைக்காதது சிறுநீரோடு போய்விடும்.
இது சோதனை, பலன் உறுதியில்லை.

"ஏனுங்க, கிருமிக்குத் தெரியாதுங்களா
தன் மேல விளக்கு ஏறியிருக்குன்னு?"
படிவத்தில் அதற்குப் பதில் இல்லை.
கையெழுத்துப் போட்டார், இனிஷியலோடு,
டீசல் ரசீதில் போடுவது போல.

மறுநாள் விளக்கை அணைத்தேன். காமிரா திறந்தது.
கால் முழுக்கப் பச்சை ஒளி.

பங்குனியில் சேர்வராயன் சரிவு
பற்றிக்கொண்ட ராத்திரி போல, ஓரம் பிய்ந்து பிய்ந்து.
டாக்டர் நிலோஃபர் மூச்சை இழுத்தது கேட்டது.
இவருக்கு முன் வந்த பதினோரு பேரில்
யாருக்கும் இவ்வளவு இல்லை.
கால் போய்விடும் என்று நினைத்தேன்.
எவ்வளவு அழகு என்றும் நினைத்தேன்.
இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை.

மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது,
இருட்டில் ஒரு தழை வாடை.
"கட்டு போட்டீங்களா?"
நெடுநேரம் கழித்து இருட்டு சொன்னது:
"ராத்திரி மட்டுங்க. எலும்பொட்டி இலை.
ஏற்காட்டு அடிவாரத்துல ஒருத்தர் அரைச்சுத் தருவாருங்க.
காலைல கழுவிட்டுத்தான் வந்தேன்."

இலை.
பறித்து அரைத்துப் பிழிந்த பிறகும்
வெயில் பழக்கத்தை விடாத இலை.
வெளிச்சம் பட்டால் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்,
எங்கள் காமிரா தேடுகிற
சிவப்புக்கும் அப்பாலான அதே சிவப்பில்.
மயிர்க்கால்களில், தழும்பின் மடிப்பில்
எங்கள் கண்ணுக்குப் படாமல் உட்கார்ந்திருந்தது.

ஸ்பிரிட்டும் பஞ்சும். நாற்பது நிமிடம்.
அவர் மன்னிப்புக் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.
ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு சரிவு அணைந்தது.

கடைசியில் திரை கறுப்பு.
டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.
காகிதங்கள் சொன்னது சரிதான் போல.

இல்லை.
மேலிருந்து மூன்றாவது திருகாணி, அதன் ஓரத்தில்
ஒரு ஜவ்வரிசி. சின்ன ரகம்.
துடைத்தேன். போகவில்லை.
அழுத்தித் துடைத்தேன். இருந்தது.
காலைத் திருப்பினோம், கூடவே திரும்பியது.
பச்சை என்பது கணினி பூசிய நிறம்,
உள்ளே அதற்கு என்ன நிறமோ.

அறுவை, தகட்டை எடுப்பது, ஆறு வாரம் ஊசி:
டாக்டர் சொல்லச் சொல்ல அர்த்தநாரி
சிரிக்க ஆரம்பித்தார்.
சிரிக்கிற செய்தி இல்லை அது.
"அதேதாங்க. அங்கயேதான் பீடிய அணைக்கிறான்."
பிறகு கைபேசியை நீட்டினார்.
"ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க.
ஆபீசுக்கு அனுப்போணும். மச்சானுக்கும்."

எடுக்கக் கூடாது என்பது விதி.
நான் டாக்டரைப் பார்த்தேன்.
டாக்டர் கதவைப் பார்த்தார்.

அவர் போன பிறகு சாமான்களை ஒதுக்கினேன்.
கையுறையைக் கழற்றுமுன் ஏனோ
மறுபடி விளக்கை அணைத்து
காமிராவுக்குக் கீழே கையை நீட்டினேன்.
ஐந்து விரலும் எரிந்தன.
வெளியே உச்சி வெயிலில்
அதே இலைகள் மலை முழுக்க,
யாருடைய காமிராவும் இல்லாமல்.